கைவிட்ட குழிக்கு ஓர் இலைச் சோறு

“அமா, அவனுக்குச் சோறு வெச்சது யாரு?”

மச்சுப் படியின் நடுவில் நின்றுகொண்டு லான் இப்படிக் கேட்டபோது நல்ல உச்சிவெயில். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்றுவிட்டால் ரங்கூன் பசுந்தாங் தெருவின் சத்தமெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அன்றைக்கு என்னவோ அதுவும் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். தலையை விரித்துவிட்டிருந்தாள். கொஞ்ச நாள் முன்னால்தான் நான் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, கொண்டை போட்டுவிட்ட தலை அது.

“யாருக்குடி?” என்றேன்.

“சியூவுக்கு.”

சியூ அவளுடைய புருஷன். அவன் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“மேல வந்து உக்காந்திருக்கான், அமா. பசியோட வந்திருந்தா எனக்குத் தெரியும். இது பசி இல்ல. வயிறு நெறையத் தின்னுட்டு வந்தவன் மாதிரி சாஞ்சு உக்காந்திருக்கான். இந்த வீட்டுல யாரோ அவனுக்குச் சோறு போட்டிருக்கீங்க.”

என் கையிலிருந்த நெத்திலி தட்டில் விழுந்தது.

“அவன் தின்னுட்டான்னா நான் ஊருக்குப் போக முடியாது” என்று சொல்லிவிட்டு அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு விமான டிக்கெட். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

மச்சுக்கு வந்தவர்கள்

போன வாரம் எங்கள் வீட்டுக்காரரின் ஃபெரியைப் பற்றி எழுதியிருந்தேன். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனை இங்கே அப்படித்தான் சொல்வோம். படித்துவிட்டு, “என் ஹாரன் கழுதை கத்துற மாதிரி இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” என்று என்னோடு சண்டை. இந்த வாரம் அவரைப் பற்றி அதைவிட மோசமாக எழுத வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, நடந்தது அப்படி.

இவர் பெயர் கோவிந்தன். ஃபெரியில் வருகிறவர்களுக்குக் கோ வின். ஷ்வேப்யிதாவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலைக்குத் தினமும் ஆள் கொண்டுபோய் விடுவார். அங்கே வியட்நாமிலிருந்து வந்த தொழிலாளர்களில் ஒருவன் சியூ. அவன் மனைவி அந்த ஆட்களுக்கு மதியச் சமையல் செய்தாள். தொழிற்சாலை விடுதியில் ஆண்கள் மட்டும்தான் தங்கலாமாம். இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், “எங்க வீட்டு மச்சு சும்மாதான் கிடக்கு” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவர் யாரையாவது வீட்டுக்குக் கூட்டி வந்தால் நான் அதிகம் சத்தம் போடுவதில்லை.

ரங்கூனில் தரைத்தள வீடுகளுக்கு உள்ளேயே மரத்தில் ஒரு மச்சு இருக்கும். மேலே ஒருவர் புரண்டு படுத்தால் கீழே நமக்குத் தெரியும். அதனால் அவர்கள் இருவரும் வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு அவர்களுடைய காலடிகள் பழகிவிட்டன. அவளுடையது பூனை மாதிரி. அவன் இடது காலைச் சற்று அழுத்தி வைப்பான்.

அவள் பெயர் ஹ்லான். என் நாக்கு அதற்குச் சரிப்பட்டு வராததால் லான் என்று கூப்பிட்டேன். அவள் என்னை அமா என்றாள், பர்மியத்தில் அக்கா. இவரை அக்கோ, அண்ணன். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பர்மிய மொழிதான். அவளுடைய அரைகுறைப் பர்மியத்தை நம் பேச்சில் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே நான் “வியட்நாம்காரங்களா?” என்று கேட்டேன். அவள் யோசித்தாள். “அந்த நாடுதான். ஆனா நாங்க ஜராய். மலையில இருக்கறவங்க. கூட வேலை செய்யறவங்களே எங்கள மலைக்காரன்னுதான் சொல்லுவாங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து நாங்கள் இந்த ஊரில்தான் இருக்கிறோம். இன்றைக்கும் கடைத்தெருவில் எங்களுக்குப் பெயர் கலாதான், வெளியிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லவேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது.

அவர்கள் ஊர்க்கதை கேட்டால் நேரம் போவது தெரியாது. அங்கே பெண்தான் மாப்பிள்ளை பார்க்கிறாள். இவள் சியூவுக்கு ஒரு பித்தளை வளையல் அனுப்பியிருக்கிறாள். அவன் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான், சம்மதம். கல்யாணம் ஆனதும் அவன்தான் துணிமூட்டையோடு அவள் அம்மா வீட்டுக்கு வந்தான். வீடு பெண்ணுக்கு, பிள்ளைகளின் குலப்பெயரும் பெண் வழி. “பாத்தீங்களா, எனக்கு அந்த ஊர்ல பொறக்கக் கொடுத்துவைக்கல” என்று இவரிடம் சொன்னேன். “பொறந்திருந்தா எனக்கு வளையல் அனுப்பியிருப்பியா?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

கன்னத்தில் கைவைத்த பொம்மை

சியூ அதிகம் பேசமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டுகளைக் கொண்டுவந்து மச்சில் உட்கார்ந்து ஏதாவது இழைத்துக்கொண்டிருப்பான். சர், சர் என்று ஒரே சீராகக் கேட்கும். எனக்கு ஒரு மணை செய்து கொடுத்தான். இவருக்கும் அவனுக்கும் எந்த மொழியும் சரியாகப் பொதுவில்லை. ஆனாலும் வாசலில் மணிக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு ஞாயிறு லான் மேலே கத்துவது கேட்டது. அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. ஏறிப் போய்ப் பார்த்தேன். சியூவின் மடியில் ஒரு முழ உயரத்தில் ஒரு மர ஆள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, இரண்டு கன்னத்திலும் கைவைத்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல்தான். ஆனால் அது அழுகிறது என்பது எந்த ஊர்க்காரருக்கும் தெரியும்.

“இத வீட்டுக்குள்ள செய்யக் கூடாது அமா. இது குழிக்குச் செய்யறது. குழி இருந்தாத்தான் செய்யணும்” என்றாள் லான்.

சியூ வெட்கப்பட்டவன் மாதிரி சிரித்தான். கை சும்மா இருந்தது, அதுவாகவே இப்படி வந்துவிட்டது என்று சொன்னான். எதைச் செய்ய உட்கார்ந்தாய் என்று கேட்டேன். நாற்காலிக் கால் செய்ய உட்கார்ந்தேன் என்றான்.

அந்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. லான் மச்சுப் படியின் அடியில் ஒரு பச்சைக் கிளையைக் கட்டினாள். அவர்கள் ஊரில் வாசலில் பச்சைக் கிளை கட்டியிருந்தால் வெளியார் உள்ளே நுழையக் கூடாதாம். எனக்கு நம் வேப்பிலை நினைவுக்கு வந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலுக்கு நாம் கொடுக்கும் மரியாதையை அந்தக் கிளைக்கும் கொடுத்தேன். கஞ்சியைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கிளை வாடுவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அவன் திரும்பவில்லை. கொசு கொண்டுவந்த காய்ச்சல், அந்த வருஷம் பசுந்தாங்கில் நிறைய வீடுகளில் அது இருந்தது.

மூங்கில் குழாய்

உடலை ஊருக்குக் கொண்டுபோகலாமே என்றேன். லான் மறுத்துவிட்டாள். வெளியூரில் செத்தவன் கெட்ட சாவு செத்தவன். அவனை ஊர் எல்லைக்குள் கொண்டுபோனால் அடுத்தடுத்து ஆள் விழும் என்றாள். ஆகவே ஊருக்கு வடக்கே உள்ள பெரிய கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக ஓர் இடம் கிடைத்து, அங்கே புதைத்தோம்.

குழியை மூடும்போது அவள் ஒரு நீளமான மூங்கிலைக் கொண்டுவந்தாள். கணுவெல்லாம் குடைந்து எடுத்தது. பெட்டியின் தலைமாட்டில் தொடங்கி மண்ணுக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும்படி அதை நட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

அதன் வழியாகத்தான் அவள் அவனுக்குச் சோறு போட்டாள். லீவு கிடைக்கும்போதெல்லாம் போவாள். பல நாள் நானும் துணைக்குப் போயிருக்கிறேன். சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக் குழாயில் போடுவாள். பிறகு அவளே ஜாடியில் போட்டு வைத்த அரிசிக் கள்ளை ஊற்றுவாள். ஊற்றிவிட்டுக் காத்திருப்பாள், சாப்பிடுகிறவனுக்கு நேரம் கொடுப்பதுபோல.

ஒருநாள் என்னையும் ஊற்றச் சொன்னாள். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து ஊற்றினேன். தண்ணீர் மண்ணில் இறங்கும் சத்தம் எனக்குத் தெரியும். சட்டியில் ரோஜா வளர்க்கிறவள் நான். இது அப்படி இறங்கவில்லை. மடக், மடக் என்று நிறுத்தி நிறுத்தி இறங்கியது. பிறகு குழாயிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று என் முகத்தில் பட்டது. அதில் இழைத்த தேக்கின் வாசனை இருந்தது.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊற்றும் வேலையை அவளிடமே விட்டுவிட்டேன்.

அந்தக் காலம் முழுக்க அவள் தலை வாரவில்லை, பாடவில்லை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. இதெல்லாம் நமக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

“விட்டுடற வரைக்கும்.”

“விடறதுன்னா?”

“சோத்த நிறுத்திடறது. ஊரே கூடி, மாடு வெட்டி, காங்குன்னு பெரிய வெண்கலத் தட்டு அடிச்சு, குழிக்குப் புதுக் கூரை போட்டு, அழுவற மர ஆளுங்கள நிறுத்தி, தின்னு குடிச்சு, அவன அனுப்பிடுவோம். அதுக்கப்புறம் யாரும் அங்க போகக் கூடாது. புல்லு முளைக்கும், கூரை இத்துப்போகும். பெத்த அம்மாகூடத் திரும்பிப் போகமாட்டா.”

“வருஷத்துக்கு ஒரு தடவைகூடவா?”

“அவன் பேரக்கூடச் சொல்லமாட்டோம்.”

எனக்குக் கோபம் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் அமாவாசைக்கு அமாவாசை இலை போட்டு, காக்கையைக் கூப்பிட்டு, அது வரத் தாமதித்தால் என்ன குறை வைத்தோமோ என்று தவிக்கிறவர்கள். பெற்றவளே போகமாட்டாளாம். இது என்ன கல்மனசு?

“பின்ன அவன் எங்கதான் போவான்?” என்றேன்.

“காட்டுக்கு. அப்புறம் அங்கயும் செத்து, செத்து, கடைசில பனியா மாறி புல்லுமேல விழுவான். காஞ்சுடும். அதோட சரி.” அவள் அதை ஆறுதலாகச் சொன்னாள். “நாம விடலன்னா அவனால பனியாக முடியாது, அமா. சோத்துக்காக இங்கயே நிப்பான்.”

விட்டுவிடும் நாள்

வருஷம் திரும்பியது. லானின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. கடைசிப் பெண் இவள்தான், வீடும் அம்மாவும் இவள் பொறுப்பு. ஆனால் புருஷனை விட்டுவிடாமல் கிளம்பினால் அவன் பின்னாலேயே ஊருக்குள் வந்துவிடுவான். கெட்ட சாவு செத்தவன் வரக் கூடாத இடம் அது. ஆகவே இங்கேயே செய்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஊர் கூட ஊர் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான். மாட்டுக்குப் பதில் கோழி. காங்குக்கு இவர் கோயிலில் கேட்டு ஒரு சேகண்டி வாங்கி வந்தார். சாவு ஊர்வலத்தில் நாம் அடிப்பதுதானே, ஓசை பொருத்தமாகவே இருந்தது. லான் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல குரல்” என்றாள்.

சியூ செய்துவைத்த மர ஆளைக் குழியைப் பார்த்தபடி உட்கார வைத்தாள். அவனுடைய தட்டு, குவளை, இழைப்புளி எல்லாம் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உடைத்தாள். இவர் பதறிப்போய், “நல்ல பொருளம்மா” என்று தடுக்கப் போனார். அங்கே எல்லாம் தலைகீழ், இங்கே உடைந்தது அங்கே முழுசு என்றாள். இவர் அவனுக்காகக் கொண்டுவந்திருந்த புது ஃபிளாஸ்க்கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

கடைசியாக மூங்கிலைப் பிடுங்கி, கல்லில் அடித்துப் பிளந்தாள். ஓட்டையை மண் போட்டு மிதித்தாள். ஒரு கோழிக்குஞ்சைக் குழியின்மேல் விட்டாள். அது கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுப் புல்லுக்குள் ஓடியது. லான் அழுதாள், பிறகு வெடுக்கென்று நிறுத்தினாள். வீட்டுக்கு வந்து தலைமுழுகினாள். அன்றைக்குத்தான் நான் அவளுக்குக் கொண்டை போட்டுவிட்டேன். அவள் ஏதோ பாட்டை முனகினாள். வருஷக்கணக்கில் நம் வீட்டில் இருந்த பெண், அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இவர் செய்த வேலை

இப்போது படியில் தலைவிரித்து உட்கார்ந்திருக்கும் லானிடம் வருகிறேன்.

சோறு வைத்தது நான் இல்லை. இந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். ஃபெரியை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரை வாசலிலேயே பிடித்தேன்.

“சியூவுக்குச் சோறு வெச்சீங்களா?”

இவருக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும்.

“மாளய அமாவாசைக்கு ஆத்தா அப்பாவுக்கு இலை போட்டேன்ல. அப்புறம் மனசு கேக்கல. அவன் குழிக்கும் ஒரு இலைய எடுத்துக்கிட்டுப் போனேன்” என்றார். “ஒரு கரண்டி சோறு, ஒரு வடை. யாருமில்லாம கெடக்கறானேன்னு நெனச்சேன். அதுல என்ன தப்பு?”

“காக்கா வந்துச்சா?”

ரங்கூனில் காக்கைக்குப் பஞ்சமா? கையில் ஒரு பஜ்ஜி இருந்தால் தலையில் கொத்தும் ஊர் இது.

“வரல. ஒண்ணுகூட வரல. கொஞ்சம் தள்ளி மரத்துல வரிசையா உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு” என்றார். “நான் போயி மூஞ்சி கழுவிட்டு வந்து பாத்தா இலை காலி.”

மேலே மச்சில் சர் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. லான் படியிலிருந்து இறங்கி வந்து எங்களோடு கீழேதான் நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேரும் மேலே பார்த்தோம். பலகை இடுக்கிலிருந்து ஒரு மரச்சுருள் மெதுவாகக் கீழே வந்து இவர் சட்டையில் ஒட்டியது. பழைய சுருள் எங்கோ மாட்டிக்கொண்டிருந்து விழுந்திருக்கலாம். அப்படித்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது ஈரமாக இருந்தது.

“விட்டதுக்கப்புறம் யாரு சோறு போடறாங்களோ, அவங்ககிட்ட வந்துடுவான்” என்றாள் லான். “அக்கோ, நீங்கதான் அவன விடணும். நான் விட்டாச்சு, என் பேச்சு இனி அவனுக்குக் கேக்காது. ஆனா அவன் இங்க நிக்கற வரைக்கும் நானும் அவன் பொண்டாட்டிதான். நீங்க போயி, இனி வரமாட்டேன், நீ எனக்கு யாருமில்லன்னு சொல்லணும்.”

“நான் அப்படிச் சொல்லமாட்டேன்” என்றார் இவர். “சோறு போட்ட வாயால போன்னு சொல்றதா? அவன் பாட்டுக்கு இருந்துட்டுப் போறான். அமாவாசைக்கு ஒரு இலை, எனக்கு என்ன கஷ்டம்?”

சாப்பிடச் சாப்பிட

இவருடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். அந்த ஹாரனை மாற்றச் சொல்லி நான் கேட்காத நாள் இல்லை.

அடுத்து வந்த நாட்களில் இவர் நிறையச் சாப்பிட்டார். மதியம் ஒரு தட்டு சோறு சாப்பிடுகிறவர், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். சாப்பிட்டு எழுந்ததும் பசிக்கிறது என்றார். சாப்பிடச் சாப்பிட இளைத்தார். கைலியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் கிலி பிடித்துவிட்டது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். சர்க்கரை இல்லை, ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்றார்கள்.

ஒரு மதியம் நான் ரசம் ஊற்ற வந்தேன். இவர் தட்டில் சோற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். தன் பக்கம் ஒரு பாதி, எதிர்ப்பக்கம் ஒரு பாதி. தன் பாதியைத்தான் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக நடுவில் உட்காருகிறவர் பாயில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, எதுக்கு ஓரத்துல உக்காந்திருக்கீங்க?”

இவர் பக்கத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தான் நகர்ந்து உட்கார்ந்ததே இவருக்குத் தெரியவில்லை. நான் ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

“மாரி,” என்றார் மெதுவாக, “இடது காலு கொஞ்ச நாளா அழுத்தமா விழுது.”

அப்போதும் இவர் சரி என்று சொல்லவில்லை. சொல்ல வைத்தது வேறு. லான் மச்சிலிருந்து இறங்கி வந்து, கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து, துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சீப்பை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள், இனி வேண்டாம் என்பதுபோல. ஊரில் அவள் அம்மா படுக்கையில் இருக்கிறாள். இவள் இங்கே மறுபடியும் தலைவிரித்த விதவையாக உட்காரத் தயாராகிவிட்டாள்.

இவர் அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் போலாம்” என்றார்.

திரும்பிப் பார்க்காமல்

மறுநாள் காலை நல்ல வெயில். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். “உங்க ஆளு தச்சனா?” என்று கேட்டார். ஆமாம் என்றோம். “அதான்” என்றார். தன் குடிசைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லான் மிதித்து மூடிய இடத்தில் ஓட்டை மறுபடி திறந்திருந்தது. எலி தோண்டியது மாதிரி இல்லை. மூங்கில் இருந்த அதே அளவில், அதே வட்டத்தில், வழுவழுவென்று இருந்தது. விளிம்பில் சில சோற்றுப் பருக்கைகள். குழியைப் பார்த்து உட்கார வைத்த மர ஆள் இப்போது தோட்டத்தின் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் வந்த வழியை.

லான் தள்ளி நின்றுகொண்டாள். இவர் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்திருந்தார். அதை ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

“சொல்லுங்க அக்கோ” என்றாள் லான்.

“சியூ,” என்றார் இவர். தமிழில்தான் சொன்னார், வேறு மொழியில் இவருக்கு அது வந்திருக்காது. “இதுதான்பா கடைசி. இனிமே நான் வரமாட்டேன். அமாவாசைக்கும் வரமாட்டேன். நீ... நீ எனக்கு...”

நின்றுவிட்டார். ஓட்டையிலிருந்து அந்தக் குளிர்ந்த காற்று வந்தது. தேக்கு வாசனை. இவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நான் போய்த் தாங்கிக்கொள்ளப் பார்த்தேன், லான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ எனக்கு யாருமில்ல” என்றார். தட்டைத் தூக்கிக் கல்லில் அடித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, நம் வீடுகளில் செத்தவர்களுக்கும் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னார். “போறேன்.”

நடந்தோம். திரும்பக் கூடாது என்று லான் முன்பே சொல்லியிருந்தாள். பாதி வழியில் பின்னால் காலடி கேட்டது. காய்ந்த இலைகளின்மேல், ஒரு கால் சாதாரணமாக, ஒரு கால் அழுத்தமாக. இவர் கழுத்து லேசாகத் திரும்பியது. நான் இவர் கையை நகம் பதியப் பிடித்தேன். முன்னால் போன லான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது. விட்டுவிட்டவள்தான், ஆனால் அவளுக்கும் கேட்கிறது.

வாசலுக்கு வந்ததும் காலடி நின்றது. ஃபெரியில் ஏறி உட்கார்ந்தோம். கண்ணாடியில்கூட இவர் பின்னால் பார்க்கவில்லை. தெருமுனை வந்த பிறகுதான், “பசிக்கல மாரி” என்றார்.

வீட்டுக்கு வந்து லானுக்கு மறுபடி எண்ணெய் வைத்தேன். மச்சு அமைதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. சியூ நல்ல பிள்ளை.

விமான நிலையத்துக்கு இவர்தான் கொண்டுபோய் விட்டார். நானும் போனேன். லான் தனக்கு ஊரில் தைத்த கறுப்புப் பாவாடையைக் கட்டியிருந்தாள். சிவப்புக் கரை போட்டது, இங்கே அவள் ஒருநாளும் உடுத்தாதது. உள்ளே போவதற்கு முன் எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கையை விட்டபோது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. எல்லோரும் தங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பவில்லை. வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள், கொண்டை போட்ட அந்தத் தலை ஒருமுறைகூட எங்கள் பக்கம் அசையவில்லை.

“நம்மள ஒரு தடவகூடப் பாக்கலியே மாரி” என்றார் இவர். கையாட்ட வலது கையைத் தூக்கினார். நான் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“போயிட்டு வாம்மா” என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.